சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பூங்கா

கண்டக்டர் பெருமாள்சாமி ஐயா இறந்துவிட்டதாக அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது, நான் முதலில் கேட்டது "எங்கே?" என்றுதான். "வீட்டுலதாம்மா. ரெண்டு நாளாக் காய்ச்சல். காலையில எந்திரிக்கல" என்றார். விழவில்லை, அடிபடவில்லை. எனக்கு மூச்சு திரும்பியது. ஒரு சாவுச் செய்தியில் நிம்மதி கண்டதற்காகப் பிறகு வெட்கப்பட்டேன். அவரை அறிந்த உங்களிடம் அந்தப் பயத்தின் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

அருப்புக்கோட்டை பஸ்ஸில் உங்களில் பலருக்கு அவர் டிக்கெட் கிழித்துக் கொடுத்திருப்பார். எனக்கு அவர் பழக்கமானது ஓய்வு பெற்ற பிறகு. எம்.ரெட்டியபட்டியில் ஊருணிக்கரைப் பொட்டலை வயதானவர்களுக்கான பூங்காவாக்கும் வேலை, வரைபடம் என்னுடையது. அவர்களிடம் கருத்துக் கேட்டதாகக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. எல்லோரும் "நல்லாயிருக்கு தாயி" என்றார்கள். பேனா அவரிடம் வந்ததும், "எனக்குப் பயமா இருக்கு" என்றார். கூட்டம் சிரித்தது.

"சிரிங்க. ஓடுற பஸ்ஸுல கம்பியப் பிடிக்காம முப்பது வருசம் நின்னவன் நான். இப்ப வாசப்படி எறங்க உசுரு நடுங்குது. இதுல எத்தனை படி போட்டிருக்கு, எண்ணிப் பாத்தீகளா?"

சிரிப்பு அடங்கியது. பின்னாலிருந்த வெள்ளையம்மாள் தலையைக் குனிந்தபடி, "நான் வெளிய கெளம்புற அன்னைக்குத் தண்ணியே குடிக்க மாட்டேன். ஒதுங்க எடம் இருக்காதுல்ல" என்றார். சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நடமாடும் ஒரு முதிய பெண். என் வரைபடத்தில் நீரூற்று இருந்தது, கழிப்பறை இல்லை.

மறுவாரம், நடைபாதைக்காகத் தேர்ந்தெடுத்த பளபளப்பான கல் ஒன்றைப் பதித்துக் காட்டினேன். ஐயா செம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். "வேண்டாம் ஐயா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் காலை வைத்தார், வழுக்கியது. பாய்ந்து பிடித்தேன்.

"இப்ப நீங்க பக்கத்துல இருந்தீக. மழை அன்னைக்கு யாரு இருப்பா?"

கல்லைத் திருப்பி அனுப்பினேன். படிகள் சரிவுப் பாதையாயின. ஊன்றி எழுவதற்குப் பெஞ்சுகளில் கைப்பிடி வந்தது. கழிப்பறையும் வந்தது.

பூங்கா திறந்த வாரம் ஒரு மாலை போனேன். உள்ளே யாருமில்லை. எதிரே டீக்கடையில் ஐயாவும் வெள்ளையம்மாளும் இன்னும் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"உள்ள எல்லாம் சரி தாயி. இந்த ரோட்டத் தாண்டணுமே" என்றார் ஐயா.

அப்போது லோடு லாரி ஒன்று எங்களை உரசுவதுபோல் போனது. நான் எப்போதும் காரில் வந்து வாசலிலேயே இறங்கியவள். என் வரைபடம் பூங்காவின் சுவரோடு முடிந்திருந்தது.

"படத்துல ரோட்டத் தேடினேன், காணல. அதுக்கு வேற ஏதாச்சும் வச்சிருப்பீகன்னு நெனச்சேன்" என்றார்.

அன்று நால்வரும் கைகோத்துக்கொண்டார்கள். ஐயா இருபுறமும் பார்த்து, பழைய பழக்கத்தில் "போலாம், ரைட்" என்றார். நடுச்சாலையில் ஒரு பைக் ஹாரன் அலறியது. வெள்ளையம்மாள் அப்படியே உறைந்து நின்றார். ஐயா அவரை இழுத்துக்கொண்டு போனதை நான் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தேன்.

வேகத்தடை கேட்டு ஐயாவும் நானும் மனு எழுதினோம். அந்தச் சாலை தங்கள் பொறுப்பில் வராது என்று ஒவ்வொரு அலுவலகத்திலும் சொன்னார்கள். அவர் மட்டும் தினமும் மாலை ஐந்து மணிக்கு மற்றவர்களைக் கைபிடித்து அழைத்துப் போனார். அந்த நேரத்தில் கைபேசி அடித்தால், சாலையில் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று நினைத்தே எடுப்பேன்.

துக்க வீட்டில் வெள்ளையம்மாள் என் கையைப் பற்றினார். "இனி யாரு தாயி கூட்டிப் போவா?"

ஐயாவிடமிருந்து எனக்கு எஞ்சியிருப்பது அந்தப் பயம்தான். அதைத் தணிய விடமாட்டேன். திங்கட்கிழமை மனுவோடு மறுபடியும் போகிறேன். ஆனால் இன்றைக்கும் ஐந்து மணி ஆகும்; வெள்ளையம்மாளும் மற்ற இருவரும் சாலையோரம் வந்து நிற்பார்கள்.