நாற்பத்தொரு வீடுள்ள ஒரு வீடு

ரீடிங் அக்காவுக்கு முகங்கள் நினைவில் நிற்காது, மீட்டர்கள் நிற்கும். பஸ்ஸில் யாராவது பார்த்துச் சிரித்தால் பதிலுக்குச் சிரித்துவிட்டு, "நீங்க மாடிப்படிக்கு அடியில மீட்டர், மூடி உடைஞ்சது, அந்த வீடு தானே?" என்று கேட்பார். பெரும்பாலும் அந்த வீடுதான்.

பத்தொன்பது வருடமாக நகராட்சியில் குடிநீர் மீட்டர் கணக்கெடுக்கிறவர். வாசலில் நின்று "ரீடிங்!" என்று ஒரு சத்தம் போடுவார். அந்தச் சத்தமே பெயராகிவிட்டது. சம்பளப் பட்டியலில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே இரண்டு நொடி கழித்துத்தான் திரும்புவார். தோள்பையில் எப்போதும் ஒரு டார்ச், ஒரு நோட்டு, குச்சி நுனியில் கட்டிய வட்டக் கண்ணாடி. குழிக்குள் கிடக்கும் மீட்டரை அந்தக் கண்ணாடியில் பார்த்துப் படிப்பார். எண்கள் இடவலம் மாறித் தெரியும். அதில் அவர் ஒரு நாளும் தடுமாறியதில்லை. தடுமாறியதெல்லாம் டேப்லெட், எல்லோர் வாயிலும் டேப், கைக்கு வந்த பிறகுதான்.

ஆறு ஊருக்குள் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போயிருந்தது. வீடு வீடாகச் சேதம் பார்க்க வேண்டும்; ஊரில் எல்லா வாசலும் தெரிந்தவர்கள் யார் என்று நகராட்சி யோசித்தது. மீட்டர் கணக்கெடுப்பவர்கள் ஒன்பது பேரைக் கூப்பிட்டு ஆளுக்கொரு டேப் கொடுத்தார்கள். பயிற்சி அரை மணி நேரம். கழுத்தில் சார்ஜர் வயரை மாலைபோலப் போட்டிருந்த கன்ட்ரோல் ரூம் மேடம் மூச்சு விடாமல் சொன்னார்: "வீட்டு முன்னாடி நில்லுங்க, நாலு போட்டோ எடுங்க, குடியிருக்கிறவங்க பேரைப் போடுங்க, கேள்விக்கெல்லாம் பதில் போடுங்க, அனுப்புங்க. கலர் அதுவே சொல்லும். பச்சைன்னா வீட்டுக்குத் திரும்பலாம். மஞ்சள்னா ரிப்பேர் பண்ணிட்டுப் போகலாம். சிவப்புன்னா உள்ள கால் வைக்கக் கூடாது."

"மேடம், கதவு நம்பர் எங்க போடணும்?"

"கதவு நம்பரை ஆப் கண்டுக்காதுக்கா. இந்த ஊர்ல பழைய நம்பர், புது நம்பர், அவங்கவங்களே பெயின்ட் அடிச்ச நம்பர்னு மூணு இருக்கு. டேப் எந்த இடத்துல இருக்கோ, அந்த இடம்தான் கணக்கு."

அக்கா நோட்டில் எழுதிக்கொண்டார்: டேப் இருக்கும் இடம்தான் கணக்கு. எழுதினாரே தவிர, அது எந்த நேரத்து இடம் என்று கேட்கத் தோன்றவில்லை. சொல்ல மேடத்துக்கும் தோன்றவில்லை.

அக்காவுக்கு வந்தது வாய்க்கால் சந்து. நாற்பத்தொரு வீடு. குடியிருந்த நாற்பத்தொரு குடும்பமும் பெரிய பள்ளிக்கூடத்து முகாமில் இருந்தன. வீட்டுக்கு ஒருவர் கூட வந்து கதவைத் திறந்து காட்டினார்கள். பெரும்பாலான வீடுகளில் முழங்கால் அளவு சேறு, ஊறிப்போன மெத்தை, சுவரில் தண்ணீர் நின்ற கோடு. கழுவினால் போதும். பதினேழாவது வீடு தையல்காரருடையது. அங்கே மட்டும் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். பின்சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல். கண்ணாடிக் குச்சியை அதற்குள் நுழைத்துப் பார்த்தார். கண்ணாடியில் அடுத்த தெரு துணிக்கொடி தெரிந்தது.

"டெய்லர், உள்ள போகாதீங்க."

"மிஷின மட்டும் எடுத்துக்கிறேனேக்கா. ரெண்டு நிமிஷம்."

"ஒரு ஊசி கூட எடுக்கக் கூடாது. இது நிக்கிறதே பெரிய விஷயம்."

சந்தில் டவர் இல்லை. படிவம் அனுப்பும் பொத்தானை அமுக்கினால் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பரவாயில்லை, சேமித்து வைக்கலாம் என்று டேப்பே சொன்னது. அக்கா நாற்பத்தொன்றையும் சேமித்து வைத்துக்கொண்டு, நான்கு தெரு தள்ளி மேட்டில் இருந்த தன் வீட்டுக்கு வந்தார். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சிக்னல் இரண்டு கோடு காட்டியது. அங்கே உட்கார்ந்து ஒவ்வொன்றாக அனுப்பினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக் விழுந்தது.

கீழிருந்து கணவர் குரல் கொடுத்தார். அவர் மிக்சி, மின்விசிறி ரிப்பேர் செய்கிறவர். "என்ன, மேல தவமா?"

"நாப்பத்தொண்ணும் போயிடுச்சுங்க!"

"எங்க போச்சு?"

அக்கா டிக்குகளை இன்னொரு முறை எண்ணிப் பார்த்தார். போய்விட்டது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை பத்தே முக்காலுக்கு நகராட்சி வராந்தாவில் அடுத்த தெருப் பட்டியலுக்காக நின்றுகொண்டிருந்தபோது கணவரிடமிருந்து போன் வந்தது.

"ஏம்மா, நம்ம வீட்ல என்ன கோளாறு?"

"என்ன கோளாறு?"

"அதைத்தான் நான் கேக்குறேன். ரெண்டு பேர் வந்து கதவுல சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்க. உடனே காலி பண்ணுன்னு சொல்றாங்க. எந்த மாடில இருக்கீங்கன்னு கேட்டாங்க. மாடியே கிடையாதுன்னேன். மத்த நாப்பது குடும்பம் எங்கன்னு கேட்டாங்க. நான் கையில குக்கரோட ரோட்ல நிக்கிறேன்."

"நம்ம வீட்டுல தண்ணியே வரலையே!"

"நானும் அதையேதான் சொன்னேன். தண்ணி வரலன்னா ஏன் இடியப் போகுதுன்னு என்கிட்டயே திருப்பிக் கேக்குறாங்க."

போனை வைப்பதற்குள் அடுத்த அழைப்பு. தையல்காரர்.

"அக்கா, எங்க சந்து பூரா சேதம் இல்லைன்னு லிஸ்ட் வந்திருக்காம். பன்னெண்டு மணிக்குள்ள முகாமை விட்டுக் கிளம்பணுமாம். நான் போகவா, வேணாமா? நீங்க சொன்னது சரியா, அவங்க சொல்றது சரியா?"

"உங்க வீடுமா?"

"எங்க வீடும்தான். என் சம்சாரம் துடைப்பத்தைக் கையில எடுத்துட்டா. பெரிய பொண்ணு, பால் காய்ச்சணும்னு பாக்கெட் வாங்கப் போயிட்டா."

"டெய்லர், நான் வர்ற வரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாது. பிள்ளைங்களை வாசல்ல கூட விடாதீங்க."

கன்ட்ரோல் ரூம் என்பது திருமண உதவித்தொகை விண்ணப்பம் வாங்கும் அறைதான்; பலகையை மட்டும் துணி போட்டு மூடியிருந்தார்கள். ஆறு திரை, பதினைந்து பேர், எல்லோர் காதிலும் போன். அக்கா கூட்டத்தை முழங்கையால் பிளந்துகொண்டு போய் மேடத்தின் முன்னால் டேப்பை வைத்தார். "பாருங்க. நாப்பத்தொரு டிக். எல்லாம் போயிருக்கு."

மேடம் தன் திரையைத் திருப்பிக் காட்டினார். "வந்திருக்குக்கா. நாப்பத்தொண்ணும் பத்திரமா இருக்கு. ஆனா எல்லாம் ஒரே இடத்துல இருந்து வந்திருக்கு." வரைபடத்தில் வாய்க்கால் சந்து வெறுமையாக இருந்தது. மேட்டுத் தெருவில், அக்கா வீட்டின் மேல், ஒரே ஒரு சிவப்புப் புள்ளி குண்டாக உட்கார்ந்திருந்தது.

"நான் எடுத்தது சந்துல."

"அனுப்பினது?"

"எங்க மொட்டை மாடில."

மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "அனுப்புற நேரத்துல டேப் எங்க இருக்கோ, அந்த இடத்தைத்தான் அது எடுத்துக்கும். ஒரே இடத்துல நாப்பத்தொரு வீடுன்னா அடுக்குமாடின்னு அதுவே முடிவு பண்ணிடும். அடுக்குமாடில ஒரு வீடு சிவப்புன்னா மொத்தக் கட்டடமும் சிவப்பு."

அக்காவுக்கு அதை உள்ளுக்குள் வாங்கிக்கொள்ள நேரம் எடுத்தது. தையல்காரர் வீட்டு விரிசல் நான்கு தெரு நடந்து வந்து தன் வீட்டில் ஏறிக்கொண்டது என்பது மட்டும் புரிந்தது. "சரி, அப்ப சந்து?"

"சந்துல இருந்து ஒண்ணுமே வரல. ஒண்ணும் வரலன்னா சேதம் இல்லைன்னு அர்த்தம்."

"பாக்காத வீடும் பாத்து நல்லா இருக்கிற வீடும் ஒண்ணா மேடம்?"

"எனக்கு இல்லக்கா. அதுக்கு ஒண்ணு." அவர் குரல் இறங்கியிருந்தது. மூன்று நாளாகத் தூங்காத கண்கள். "திருத்தச் சொல்லி மேல அனுப்புறேன். மூணு நாள் ஆகும்."

"பன்னெண்டு மணிக்குக் காலி பண்ணச் சொல்றாங்க மேடம். இப்ப மணி பதினொண்ணு பத்து. அந்தச் சுவர் மூணு நாள் நிக்காது."

"முகாம் என் கையில இல்ல. ஹெட்மாஸ்டர்கிட்ட கேட்டுப் பாருங்க."

பள்ளிக்கூட வாசலில் வாய்க்கால் சந்து மொத்தமும் மூட்டை முடிச்சுகளோடு நின்றது. தையல்காரர் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. மிஷின் இல்லாவிட்டாலும் நாடாவை அவர் கழற்றவில்லை. அவர் மனைவி இடுப்பில் சின்னவள், கையில் துடைப்பம். "வாங்கக்கா. எங்க வீடு குணமாயிடுச்சாம்" என்றார். குரலில் கேலியும் பயமும் சமமாக இருந்தன.

ஹெட்மாஸ்டர் மேசையை வாசலுக்கே கொண்டுவந்து போட்டிருந்தார். ஒழுங்கான மனிதர், முகாமுக்கும் வருகைப் பதிவேடு வைத்திருந்தார். போகிறவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும்.

"சார், இவர் வீட்டு சுவர் விழப் போகுது. இந்த ஒரு குடும்பத்தை மட்டும் வச்சுக்குங்க."

"இடமே இல்லம்மா. நான் கல் மனசுக்காரன் இல்ல. மேட்டுத் தெருவுல ஒரு அடுக்குமாடி பூரா இடியப் போகுதாம். நாப்பத்தொரு குடும்பம் பன்னெண்டு மணிக்கு வருது. அவங்களுக்காகத்தான் இவங்களை அனுப்பறோம்."

அக்கா அவரைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். பிறகு மறுபடியும் அவரை.

"எந்த அடுக்குமாடி சார்?"

அவர் முகவரியைப் படித்தார். அது அக்காவின் வீட்டு முகவரி.

"வர்றவங்க பேரு இருக்கா சார்?"

"எல்லாம் இருக்கு." காகிதத்தை அக்கா பக்கம் திருப்பினார். பதினேழாவது வரியில் தையல்காரர் பெயர், அவர் மனைவி பெயர், இரண்டு மகள்கள். அக்கா தன் விரலை அந்த வரியில் வைத்துக் காட்டினார். ஹெட்மாஸ்டர் கண்ணாடியை மூக்குக்கு ஏற்றி அதைப் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டியவர்களின் பதிவேட்டைப் படித்தார். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இவருக்கு ரெண்டு வீடா?"

"ஒண்ணுதான் சார். அதுவும் விழப் போகுது."

"அப்ப அடுக்குமாடிக்காரங்க?"

"இவங்கதான் சார்."

"இவங்க போறவங்க ஆச்சே."

"வர்றவங்களும் இவங்கதான்."

ஹெட்மாஸ்டர் இரண்டிலும் பெயர்களை விரலால் எண்ணினார். அவர் இத்தனை வருடத்தில் பல கூட்டல் கழித்தல் பார்த்திருப்பார். இது எதிலும் அடங்கவில்லை. கடைசியில், "என் பேப்பர் சரியா இருக்கணும். போனவங்க போயிருக்கணும், வந்தவங்க வந்திருக்கணும். நடுவுல என்ன ஆச்சுன்னு என்னை யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

அப்படித்தான் நடந்தது. நாற்பத்தொரு குடும்பமும் கையெழுத்துப் போட்டு வாசலுக்கு வெளியே போயின. வேப்பமரத்தடி வரை நடந்து, திரும்பி, வரிசையாக உள்ளே வந்தன. தையல்காரர் முறை வந்தபோது ஹெட்மாஸ்டர் தலை நிமிராமல் கேட்டார்: "எங்கேருந்து வர்றீங்க?"

தையல்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா தலையசைத்தார்.

"அக்கா வீட்டு மாடியிலேருந்து சார்."

"எத்தனாவது மாடி?"

"அதை நீங்களே பாத்துப் போட்டுக்குங்க சார்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. துடைப்பத்தை வாசல் தூணில் சாய்த்து வைத்துவிட்டு, சின்னவளை இறக்கிவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மணிக்கு அக்காவின் கணவர் குக்கரோடு வந்து சேர்ந்தார். "நமக்கும் ஒரு இடம் கேளு. வீடு நம்மது தானே."

ஹெட்மாஸ்டர் பட்டியலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தார். "இந்தக் கட்டடத்துல நீங்க குடியிருக்கிறதா இல்லையேம்மா."

உண்மைதான். தன் வீட்டுக்கு அக்கா படிவம் நிரப்பவே இல்லை. கணவர் பட்டியலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "ஊர்ல இருக்கிறவங்க எல்லாம் நம்ம வீட்ல இருக்காங்க. நாம இல்ல" என்றார். தையல்காரர் தன் பாயை நகர்த்தி இடம் விட்டார். "எங்க கூட இருங்க. எப்படியும் உங்க வீடு தானே."

அக்காவும் கணவரும் இருக்கவில்லை. அவர்கள் வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு கதவு உண்டு. அதில் யாரும் ஸ்டிக்கர் ஒட்டவில்லை.

இரண்டாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்குத் தையல்காரர் வீட்டுப் பின்சுவர் விழுந்தது. சமையல் செய்கிற மூலை இருந்த இடத்தில் செங்கல் குவிந்து கிடந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்தவர்களில் அக்காவும் தையல்காரரும் இருந்தார்கள். மிஷின் அடியில் எங்கோ இருந்தது. தையல்காரர் வாசலுக்கு வெளியிலேயே நின்றார். அளவு நாடாவின் இரண்டு முனையையும் கைகளில் பிடித்திருந்தார். அவர் மனைவி அடுப்பு இருந்திருக்க வேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்துக்கு அன்று காலைதான் டவர் திரும்ப வந்திருந்தது. அக்கா டேப்பை எடுத்தார். வரைபடத்தில் அந்த இடம் இன்னும் வெறுமைதான்: சேதம் இல்லை. நான்கு போட்டோ எடுத்தார். கேள்விகளுக்குப் பதில் போட்டார். பிறகு கால் இரண்டையும் வாசற்படி அருகே சேர்த்து வைத்து, அசையாமல் நின்று, அனுப்பினார். வட்டம் சுற்றியது. டிக் விழுந்தது. அதன் கீழே ஒரு வரி வந்தது: இந்தக் குடும்பம் வேறு முகவரியில் குடியிருக்கிறது. இங்கே குடியிருப்பதாக மாற்றவா? ஆம். இல்லை.

"என்னக்கா சொல்லுது?"

அக்கா படித்துக் காட்டினார். 'ஆம்' போட்டால் முகாமில் பதினேழாவது வரி என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியவில்லை. 'இல்லை' போட்டால் இந்த வீடு என்ன ஆகும் என்றும் தெரியவில்லை. மேடத்துக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"நீங்க எங்க குடியிருக்கீங்கன்னு கேக்குது டெய்லர்."

தையல்காரர் செங்கல் குவியலைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்கக்கா. உங்களுக்குத்தான் எல்லார் வீடும் தெரியும்."

அக்கா எதையும் அமுக்காமல் விரலை எடுத்துக்கொண்டார். டேப்பை அப்படியே வாசற்படிமேல், அந்த வீட்டுக்குரிய இடத்தில் வைத்துவிட்டு, மேடம் போனை எடுக்கும் வரை அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.