டெபோரா கைவிட்ட படிகங்கள்

மறைமலை நகரை ஒட்டிய அந்த ஆய்வுக்கூடத்தில் டெபோராவுக்கு ஒரு பெயர் உண்டு. மற்றவர்கள் கையில் கூழாகிப் போகிற புரதம் அவள் கைபட்டால் கற்கண்டாகிவிடும் என்பார்கள். சிக்குன்குனியா வைரஸ் பெருகுவதற்குக் கத்தரிக்கோல் போல உதவும் ஒரு புரதத்தோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டிப் படிகமாக்கியவள் அவள். அந்தக் காய்ச்சல் வந்துபோன நாளிலிருந்து அவளுடைய அம்மா ரத்தினபாய்க்கு விரல்களை முழுதாக மடக்க வராது. அதனால் இந்த வேலை அவளுக்கு வெறும் வேலையாக இல்லை.

படிகங்களைச் சின்னஞ்சிறு மூலக்கூறுத் துண்டுகள் கரைந்த திரவத்தில் ஊறவைப்பார்கள். பிறகு உறையவைத்து எக்ஸ்-கதிர் மையத்துக்கு அனுப்புவார்கள். கதிர் சிதறும் விதத்தை வைத்து, எந்தத் துண்டு புரதத்தில் எங்கே ஒட்டியிருக்கிறது என்று கணினியில் கண்டுபிடித்துவிடலாம். அப்படி ஒட்டும் துண்டை வளர்த்தெடுத்துத்தான் மருந்துக்கு முயல வேண்டும்.

நூற்றுக்கணக்கில் அனுப்பினார்கள். கத்தரிக்கோலின் வாய் எல்லாவற்றிலும் காலியாகவே இருந்தது. துண்டுகள் சரியில்லை, வேறு தொகுப்பு வாங்கலாம் என்றார் குழுத்தலைவர் ஜீவானந்தம்.

டெபோராவுக்கு மனம் ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்த கையோடு, முடிச்சூர் வீட்டில் மடிக்கணினியைத் திறந்து, படிகத்துக்குள் புரதங்கள் அடுக்கடுக்காக அமைந்திருந்த விதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கத்து மனைக்காரர் நம் வாசலை ஒட்டி மதில் எழுப்பியதுபோல, ஒவ்வொரு புரதத்தின் வாயையும் அடுத்த புரதம் அடைத்துக்கொண்டிருந்தது. துண்டு எப்படி உள்ளே போகும்?

மறுநாள் ஜீவானந்தத்திடம் சொன்னாள். "துண்டு மேல தப்பு இல்ல சார். என் படிகம்தான் தப்பு. அத விட்டுடலாம்."

"இந்த மாதிரி படிகம் கிடைக்காதான்னு எத்தனையோ பேர் ஏங்கறாங்கம்மா" என்றார்.

"தெரியும் சார். ஆனா கதவு மூடியிருக்கே."

புரதத்தின் மேற்பரப்பில் ஓர் இடத்தை மட்டும் மாற்றி, பழையபடி அடுக்காக அமைய முடியாமல் செய்து, முதலிலிருந்து தொடங்கினாள். மாதக்கணக்கில் கூழ்தான் வந்தது. கற்கண்டு என்ன ஆச்சு என்று சாப்பாட்டு மேசையில் கேலி செய்தார்கள். கடைசியில் ஊசி ஊசியாக, பார்க்கச் சகிக்காத மெல்லிய படிகங்கள் வந்தன. அவற்றையே ஊறவைத்து அனுப்பினாள்.

முடிவு வந்த அன்று, திரையில் அந்த வாய்க்குள் ஒரு துண்டு தெளிவாக உட்கார்ந்திருந்தது. இன்னொரு படிகத்தில் வேறொரு துண்டு, முதல் துண்டு உட்கார்ந்த இடத்தை ஒட்டினாற்போல. இரண்டையும் இணைத்தால் பிடி இறுகும் என்று வேதியியல் குழு அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டது. ஜீவானந்தம் எல்லோரையும் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். "நல்லா வளர்ந்த படிகத்தைத் தூக்கிப் போட்டவங்க இவங்க. அதனாலதான் இது கிடைச்சது."

சாயங்காலம் ரத்தினபாய் விஷயத்தைக் கேட்டுவிட்டு, மாத்திரை எப்போது வரும் என்றார்.

"ரொம்ப வருஷம் ஆகும்மா. வராமலும் போகலாம். ஆனா அது எங்க உக்காரணும்னு இப்ப தெரிஞ்சிடுச்சு."

"யார் கண்டுபிடிச்சது?"

ஆய்வுக்கூடத்துப் பேச்சில் அவளுக்கு எப்போதும் 'நாங்க' என்றுதான் வரும்.

"நான்தாம்மா" என்றாள் டெபோரா.