‘ஃபியூஸ் மாதேசு’ என்று அழைப்பவர்களுக்கு

செய்தி வந்தபோது நான் ஒரு பென்ஷன்காரரின் ஆதார் அட்டையை நகலெடுத்துக்கொண்டிருந்தேன். மைசூரு விஜயநகரில் நான் வேலை செய்யும் ஜெராக்ஸ் கடையில் காலை பதினோரு மணிக்குக் கூட்டம் இருக்கும். கைப்பேசி மேசை மேல் அதிர்ந்தது. மேடையை விட்டு இரண்டு வருடமாகியும் எங்கள் ஆர்கெஸ்ட்ராவின் வாட்ஸப் குழுவிலிருந்து நான் விலகவில்லை. அதில் மாதேஸ் மாமாவின் படம், கூப்பிய இரண்டு கைகள், ‘மாரடைப்பு’ என்ற ஒரு சொல். அதற்கு அடுத்த செய்தி ஒரு கல்யாணக் கச்சேரிக்குக் கீபோர்டு வாசிக்க ஆள் தேவை என்பது.

நகலெடுத்து முடித்தேன். முன்பக்கம், பின்பக்கம். “ரெண்டு கேட்டேன், மூணு குடுக்கறியேம்மா” என்றார் பென்ஷன்காரர். ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அது இன்னும் என் பையில் இருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

மாதேஸ் மாமாவை மேடையில் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மேடைக்குப் பக்கத்தில், மிக்ஸருக்கு முன்னால், பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்திருப்பார். ஒலி அமைப்பு அவர் வேலை. மறுநாள் காலை அடக்கம் என்பதால், கொள்ளேகால் வரை ஒரு பஸ், அங்கிருந்து ஹனூர் வழியாக இன்னொரு பஸ் என்று மாறி அவருடைய ஊரான மார்டள்ளிக்குப் போனேன். பந்தலுக்கு வெளியே நின்ற ஒருவர், “நம்ம ஃபியூஸ் மாதேசுக்கு நெசமாவே ஃபியூஸ் போயிருச்சப்பா” என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. அந்தப் பெயர் அவர்களுக்கு அவ்வளவு பழகியிருந்தது. அவர் மனைவி, நான் அத்தை என்று கூப்பிடுபவர், அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நானும் கேட்டேன்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அவரை முதலில் பார்த்த நாளிலிருந்துதான் எனக்குச் சொல்ல வருகிறது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தொலைக்காட்சியில் குழந்தைகள் பாட்டுப்போட்டியில் ஜெயித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அப்பா கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். அவர் பெயின்ட் அடித்த சுவர்களிலேயே என் போஸ்டர் ஒட்டினார்கள். பவித்ரா என்ற என் பெயர் போய், சேனல்காரர்கள் வைத்த ‘குட்டிக்குயில்’ என்ற பெயர்தான் எங்கும் இருந்தது. ஆர்கெஸ்ட்ராவுடன் என் முதல் நிகழ்ச்சி. மைதானத்தில் கூட்டம் சேரத் தொடங்கிவிட்டது. மைக்கைக் கையில் கொடுத்து, ஹலோ சொல்லச் சொன்னார்கள். எனக்கு வாய் திறக்கவில்லை. அப்போது மேடைக்குக் கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது.

“ஏங்கண்ணு, என்ன சாப்புட்ட?”

“உப்பிட்டு.” மைசூருவில் உப்புமாவுக்கு அதுதான் பெயர்.

“தொட்டுக்க?”

“ஒண்ணுமில்ல.”

“சக்கரையாச்சும் போட்டாங்களா?”

“இல்ல.”

அந்த ‘இல்ல’ நான்கு ஸ்பீக்கர்களிலும் போய் மைதானம் முழுக்கக் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். என்னை அழைத்து வந்த ஆர்கெஸ்ட்ரா ஓனர் முகம் சிவந்து, உடனே ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிவரச் சொன்னார். மாதேஸ் மாமா உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார். கேட்கிறது என்று அர்த்தம்.

அதன்பிறகு ஆறு வருடம், ஒவ்வொரு மேடையிலும் அதே கேள்வி. மற்ற சவுண்டுக்காரர்கள் ஒன்று, இரண்டு எண்ணச் சொல்வார்கள். ஏன் மாமா நீங்கள் மட்டும் இப்படி என்று கேட்டபோது, “ஹலோன்னா எல்லாரும் மைக்குக்குன்னு ஒரு கொரல் வெச்சுக்குவாங்க. சோத்தப் பத்திக் கேட்டாத்தான் சொந்தக் கொரல் வரும். எனக்கு அதுதான் வேணும்” என்றார்.

பள்ளிக்கூடம் ஏழாவதோடு நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கோயில் திருவிழா, கல்யாணம், கடைத் திறப்பு என்று போய்க்கொண்டே இருந்ததில், ஒருநாள் பள்ளிக்குப் போனால் என் இடத்தில் வேறு பெண் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் என்னைக் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்திப் பாடச் சொன்னார். பாடினேன். மணி அடித்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன். பஸ்ஸில் தெரியாத பெண்கள் கன்னத்தைக் கிள்ளி, பாடு என்பார்கள். என்னிடம் யாரும் வேறு எதுவும் கேட்டதில்லை. பேசக் கூச்சப்படும் பிள்ளைக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

பதிமூன்று வயதில் குரல் உடைந்தது. மேல் சுரத்துக்குப் போனால் காற்றுதான் வந்தது. தொண்டையில் தடிப்பு இருக்கிறது, மூன்று மாதம் பேசவே கூடாது என்றார் டாக்டர். ஆனால் நிகழ்ச்சிகளுக்கு நாள் கொடுத்தாகிவிட்டது. “ஆடியன்ஸ் பாட்டுக் கேக்க வரல, பாப்பாவப் பாக்க வர்றாங்க. நீ சும்னே நில்லு, வாய மட்டும் அசை” என்றார் ஓனர். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது வயதில் நான் பாடியது மாதேஸ் மாமாவின் லேப்டாப்பில் இருந்தது. அதை ஓடவிட்டார்கள். அன்றைய ரோஸ் கவுனையே வருடத்துக்கு வருடம் பெரிதாகத் தைத்துப் போட்டுவிட்டார்கள். மூன்று மாதம் என்றது இரண்டு வருடம் ஆனது. என் பின்னால் ஸ்பீக்கரிலிருந்து அந்த ஒன்பது வயதுப் பெண் பாடுவாள். நன்றாகப் பாடுவாள். நான் முன்னால் நின்று வாயை அசைப்பேன். பட்டனை அழுத்தியவர் மாதேஸ் மாமாதான். அதை மறைக்க மாட்டேன், அவரும் மறைத்ததில்லை. “இந்தப் பாவத்துல எனக்கும் பங்கிருக்குதுங்கண்ணு” என்று ஒருமுறை சொன்னார். அப்போதும் மைக் சோதிக்கும்போது அந்தக் கேள்வியை மட்டும் விடவில்லை. கரகரத்த குரலில் நான் சொல்லும் பதிலை, ஸ்பீக்கருக்கு விடாமல் தன் ஹெட்போனில் மட்டும் கேட்டுக்கொள்வார்.

இரண்டு வருடத்துக்கு முன், மார்டள்ளித் திருவிழா. அவருடைய ஊர் என்பதால் அவரே முன்னின்று ஏற்பாடு செய்தது. புதுச்சட்டை போட்டிருந்தார். சாயங்காலம் ஏழு மணிக்குப் பாட்டு தொடங்கியது. முதல் வரிக்கு வாயசைத்தேன். முன்வரிசையில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி, என்னைப் போலவே ரோஸ் கவுன் போட்டு, அம்மாவின் மடியில் நின்று என்னோடு சேர்ந்து வாயசைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தேன். என் வாய் மூடிக்கொண்டது. திறக்க நினைத்தும் திறக்கவில்லை. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

இரண்டு வினாடி இருக்கும். ஒருவர் என்னை நோக்கி விரலை உயர்த்துவது தெரிந்தது. அந்த நேரத்தில் சத்தம் மொத்தமாக நின்றது. விளக்குகள் எரிந்தன, சத்தம் மட்டும் இல்லை. மாதேஸ் மாமா எழுந்து நின்று கத்தினார். “ஆம்ப்ளிஃபையர் எரிஞ்சு போச்சுங்க! லோடு பாக்காம உட்டுட்டனுங்க, தப்பு என்னுதுதானுங்க!”

பிறகு நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். “ஊர்க்காரன்னு நம்பிக் குடுத்தமே, சாமி காரியத்துலயா உன் வேலையக் காட்டுவ?” “தண்ணியப் போட்டுட்டு வந்துட்டானாட்டங்குது!” “ஏண்டா, உங்கப்பன் பேரக் கெடுக்கறதுக்குன்னே வந்தியா?” அவர் கைகூப்பி நின்றார். அவர் வாழ்நாளில் குடித்ததில்லை. என்னைப் பார்த்துச் சிலர் பரிதாபப்பட்டார்கள். பாவம், புள்ள இவ்வளவு தூரம் வந்து பாட முடியாமப் போச்சே என்றார்கள்.

திரும்பும் வண்டியில் அவர் ஆம்ப்ளிஃபையரை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். அதில் ஒரு கருகல் வாடைகூட இல்லை. நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து என் கையில் வைத்தார்.

“லேப்டாப்புல அழிச்சுட்டன். இனி இதுல மட்டுந்தான் இருக்குது. உன் கொரல் உன்கிட்டயே இருக்கட்டும்.”

“ஓனர் கேட்டா?”

“அதுவும் எரிஞ்சு போச்சும்பேன்.”

அப்படியே சொன்னார். வேலை போயிற்று. ஓடவிடப் பாட்டு இல்லாததால் எனக்கும் மேடை நின்றது. சொந்த ஊரில் அவர் ‘ஃபியூஸ் மாதேசு’ ஆனார்; அதன்பிறகு அங்கே அவருக்கு ஒரு காதுகுத்துக்குக்கூட மைக் கட்டக் கொடுக்கவில்லை. மைசூருவிலேயே கிரகப்பிரவேசம், பள்ளி ஆண்டுவிழா என்று சின்ன வேலைகள் செய்தார். என் கடைக்கு ஏதாவது நகலெடுக்க வருவார். “என்ன சாப்புட்ட?” என்பார். சொல்வேன். இப்போ பாட வருதா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஒருமுறை நானே கேட்டேன். “மாமா, ஊர்ல நெஜத்தச் சொல்லிடட்டுமா?”

“எதுக்கு? அதெல்லாம் ஊரே மறந்துருச்சு. நீ போயி அந்த பேப்பர அடி” என்றார்.

நம்பினேன். நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது. ஊர் மறக்கவில்லை என்பது அவர் உடலுக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் தெரிந்தது.

அன்று நான் கிளம்பும்போது அத்தை கையைப் பிடித்துக்கொண்டு, “முப்பதாம் நாள் படிக்கறாப்புல ரெண்டு வரி எழுதிக் குடு கண்ணு. நல்லவருன்னு மட்டும் எழுது, போதும்” என்றார். அத்தைக்கும் உண்மை தெரியாது. அவர் வீட்டில்கூடச் சொல்லவில்லை. போன வாரம் ஓனர் பேசினார். முப்பதாம் நாள் ஆர்கெஸ்ட்ராவும் வருகிறதாம். பழைய ரெக்கார்டிங் எங்காவது இருந்தால் போடலாம், நான் மேடையில் வந்து நின்றால் போதும் என்றார். அது என்னிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. இப்போது தெரிந்திருக்கும். அதைக் கொடுக்க மாட்டேன். நிற்கவும் மாட்டேன்.

அத்தை, நல்லவர் என்று மட்டும் எழுதினால் போதாது. மார்டள்ளிக்காரர்களே, அன்று ஆம்ப்ளிஃபையர் எரியவில்லை. நான் பாடவே இல்லை. அதற்கு முன் இரண்டு வருடமாகவே எந்த ஊரிலும் பாடவில்லை, வாயைத்தான் அசைத்தேன். என் வாய் மூடிக்கொண்டதை நீங்கள் பார்ப்பதற்குள் அவர் ஒயரைப் பிடுங்கினார். அந்தப் பெயர் அவருடையது இல்லை. அதை இறக்கி வையுங்கள். வேண்டுமானால் எனக்கு வையுங்கள்.

பென்டிரைவை இதுவரை எந்தக் கம்ப்யூட்டரிலும் போட்டுப் பார்க்கவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்ளப்போவது அது இல்லை. அவருடைய கேள்விதான். இதை நானே படிக்கிறேன் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். அன்று மிக்ஸருக்கு முன்னால் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் ஹலோ சொல்லச் சொல்ல வேண்டாம். அன்று காலை என்ன சாப்பிட்டேன் என்று முதலில் சொல்வேன். கேட்கிறது என்று யாராவது கையை உயர்த்தினால், அதன்பிறகு இதைப் படிப்பேன்.