சூடாக இருந்த பானெட்

பழைய இத்தாலி கார் வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும் என்று இன்று இந்தக் கார் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார்.

எழுபதுகளில் திருமழிசைக்கு அப்படியொரு காரைப் பார்க்கப் போனோம். மனைவிக்கு எட்டாம் மாதம். பிரசவத்துக்கு பஸ்ஸை நம்ப முடியாது.

சாவி போடுமுன் அவள் பானெட்டைத் தொட்டாள்.

"இன்னாண்ணா, ஒரு வாரமா எடுக்கலன்னீங்க, சூடா கீதே?"

"வெயில்மா," என்றார் விற்பவர்.

"வண்டி நெழல்லதானே கீது? ஆறட்டும், குந்திகினு இருக்கோம்."

ஒரு மணி நேரம் கழித்து எஞ்சின் கிளம்பவேயில்லை.

அவர் தலையைச் சொறிந்தார். "காலைல நாலு பேர் தள்ளித்தாம்மா ஸ்டார்ட் ஆச்சு."

எனக்குத்தான் ஏமாற்றம். அடுத்த மாதம் வாடகை டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மகள் சுகமாகப் பிறந்தாள்.

கடைசிவரை நாங்கள் கார் வாங்கவில்லை. வாங்கி ஓட்டியவர்கள் சொல்லுங்கள், நாங்கள் எதையாவது இழந்துவிட்டோமா?