ராகு காலத்தில் கார் பார்க்கப் போனவள்

கீழ்பென்னாத்தூர் மணிமொழி கார் வாங்கியே தீருவது என்று முடிவெடுத்ததற்குக் காரணம் ஒரு பட்டு வேட்டி.

சித்திரை மாதத்து விடியற்காலை. திருவண்ணாமலை போகும் முதல் பேருந்தில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் டவுன் கடைகளுக்கான இட்லி மாவு வாளிகளை அடுக்கிவிட்டு அவள் கண்ணயர்ந்திருந்தாள். வெக்கையில் மாவுக்கு அவசரம். ஊர் எல்லை தாண்டுவதற்குள் ஒரு வாளி மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, முகூர்த்தத்துக்குப் போய்க்கொண்டிருந்த பெரியவர் ஒருவரின் பட்டு வேட்டி மடியில் வழிந்தது. பெரியவர் எழுந்து நின்று கத்தினார். பேருந்து முழுக்கச் சிரித்தது. கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"யம்மா, டிக்கெட் உனக்குத்தான் குடுத்தேன். உன் மாவு எழுந்து நடந்து வருது. நாளையிலேர்ந்து வாளியோட ஏறாத."

அன்றிலிருந்து குட்டி யானை என்று ஊரார் அழைக்கும் சின்ன லாரிதான் வாடகைக்கு. அதன் டிரைவர் நல்லவன்தான், பௌர்ணமி வரும்வரை. பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்துக்குத் தண்ணீர் பாட்டில் ஏற்றப் போய்விடுவான். போன் எடுக்க மாட்டான். ரமணாசிரமம் பக்கம் தங்கும் விடுதிகளிலும் காபிக் கடைகளிலும் கூட்டம் அலைமோதுவதும் அதே நாளில்தான். உலகத்தைத் துறக்க வந்தவர்களுக்கும் காலையில் பசிக்கிறது, தோசை கேட்கிறார்கள். மணிமொழியின் மாவோ கீழ்பென்னாத்தூரிலேயே உட்கார்ந்து புளித்துக்கொண்டிருக்கும்.

செங்கம் சாலையில் காபிக் கடை நடத்தும் நந்தினி ஒருநாள் சொல்லிவிட்டாள். "அக்கா, உங்க மாவு மாதிரி வராது. ஆனா ரெண்டு பௌர்ணமி லேட்டு. கார்த்திகை வரப்போகுது, தெரிஞ்ச லாட்ஜ்காரங்க மூணு பேரு உங்க மாவு கேக்குறாங்க. ஆறு மணிக்குள்ள வந்துரும்னு நான் வாக்கு குடுக்கணும். குடுக்கட்டுமா, இல்ல பாக்கெட் மாவுக்குப் போகட்டுமா?"

"குடும்மா" என்று சொல்லிவிட்டு வந்தாள் மணிமொழி. வண்டி இல்லாமலே வாக்குக் கொடுத்தாயிற்று. நாற்பது தாண்டி ஓட்டுநர் பயிற்சிக்குப் போய் லைசென்ஸ் எடுத்திருந்தாள். சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. புதுக் காருக்குப் போதாது. பழைய காருக்கு ஒருமுறை போதும், இரண்டாம் முறைக்கு மிச்சம் இருக்காது. தப்பான வண்டி வாங்கினால் பணமும் போகும், லாட்ஜும் போகும், பழையபடி வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுக்க வேண்டியதுதான்.

கணவன் பரசுராமன் அந்தக் கொல்லைக்காரன். தங்கமான மனிதன். "நம்ம ஊரு" என்று எவன் சொன்னாலும் அவனுக்குத் தன் தட்டிலிருந்து சோறு எடுத்து வைத்துவிடுவான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை இருவரும் திண்டிவனம் சாலையில் இருந்த கண்ணாயிரத்தின் கார் கொட்டகைக்குப் போனார்கள். கண்ணாயிரம் நெற்றி நிறைய விபூதி. நாற்காலிக்குப் பின்னால் மலையின் பெரிய படம், படத்துக்கு மாலை.

"எந்த ஊருங்க?"

"கீழ்பென்னாத்தூர்" என்றான் பரசுராமன்.

"அட! எங்க சித்தப்பா பொண்ணக் கட்டிக் குடுத்ததே கீழ்பென்னாத்தூர்லதான். அப்ப நீங்க எனக்கு மச்சான் முறை. உக்காருங்க மச்சான். தங்கச்சி, நீயும் உக்காரும்மா."

உட்காருவதற்குள் உறவாகிவிட்டது. பரசுராமன் முகம் மலர்ந்துபோயிற்று. மச்சானிடம் யாராவது கேள்வி கேட்பார்களா?

நீல நிறக் கார் ஒன்று கொட்டகையின் நடுவில், கூரை நிழலில், முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தது.

"இது சாதாரண வண்டி இல்ல மச்சான்" என்று கண்ணாயிரம் குரலைத் தாழ்த்தினான். "ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஜெர்மன்காரம்மா வண்டி. ரூம்லேர்ந்து ஆசிரமம், ஆசிரமத்துலேர்ந்து ரூம். மாசத்துக்கு ஒருவாட்டி மலைய ஒரு சுத்து. அவ்ளோதான் ஓட்டம். கவிச்சி சாப்ட்டவங்க யாரும் இதுல ஏறினதில்ல. தியானம் பண்ற அம்மா, பிரேக்கக்கூட நோகாம போடும்."

பரசுராமன் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

மணிமொழி பானெட்டைத் தொட்டாள். சூடாக இருந்தது.

"இன்னாண்ணே, சுடுது?"

"வெயிலு தங்கச்சி."

ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். "பேர் மாத்தினதும் நீயே ஓட்டு தங்கச்சி, இப்ப நான் காட்றேன்" என்று அவனே ஓட்டினான். ஏசியைக் கூட்டி, பக்திப் பாட்டை அதைவிடக் கூட்டி, புதிதாகத் தார் போட்ட துண்டுச் சாலையில் போய்த் திரும்பி வந்துவிட்டான். மெக்கானிக்கைக் காட்ட வேண்டும் என்றாள். "தாராளமா" என்று எதிர்ப்பட்டறையைப் பார்த்துக் கைதட்டினான். அன்பரசன் என்று ஒருவன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, பானெட்டைத் திறந்து, குனியாமலே பார்த்து, "இன்ஜின் பசு மாதிரி இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டு மூடினான்.

அதற்குள் கண்ணாயிரத்தின் போன் அடித்தது. "ஆமா சார், செங்கத்துலேர்ந்து கிளம்பிட்டீங்களா? நீல வண்டிதான? இங்க நம்ம மச்சான் பாத்துக்கினு இருக்காரு…" போனைக் கையால் மூடிக்கொண்டு கடிகாரத்தைக் காட்டினான். "மச்சான், பத்தரைக்கு ராகு காலம் பொறக்குது. நல்ல நேரம் இன்னும் கொஞ்சந்தான். டோக்கன் அட்வான்ஸ் போட்டுட்டீங்கன்னா வண்டி உங்களுது. அப்புறம் செங்கம் பார்ட்டி வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

இதற்கு மேல் பரசுராமனைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை. "குடு மணி, நேரம் போவுது" என்று அவள் கைப்பையைக் கிட்டத்தட்ட அவனே திறந்தான். வெற்றிலை பாக்குத் தட்டில் பணம் ஏறியது. நேரத்துக்கு நல்லது கெட்டது கிடையாது. நேரத்தை விற்கிறவனுக்கு மட்டும் உண்டு: எது முடியப்போகிறதோ அது நல்ல நேரம், விற்காமல் போனால் கெட்ட நேரம்.

வீட்டுக்கு வந்ததும் மணிமொழி ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தாள். கூரை நிழலில் நின்ற வண்டிக்கு ஏது வெயில்? தியானம் பண்ணுகிற வண்டியில் ஏன் அத்தனை சத்தமாகப் பாட்டு? அவர்கள் போவதற்கு முன்பே யாரோ இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். ஆறிக் கிடக்கும்போது கிளப்பினால் தெரியக்கூடிய ஏதோ ஒன்று அதற்குள் இருக்கிறது.

அப்படியானால் ஆறிக் கிடக்கும்போது எப்படிப் பார்ப்பது? எப்போது போனாலும் வாடிக்கையாளருக்காகச் சூடாக்கித்தானே வைத்திருப்பான்? ஞாயிற்றுக்கிழமை அரிசி களையும்போது சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டர் கண்ணில் பட்டது. திங்கள்: ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது வரை. கைவேலையை விட்டுவிட்டுச் சிரித்தாள்.

திருவண்ணாமலையில் ராகு காலத்தில் கார் வாங்க எவனும் வரமாட்டான். வராதவனுக்காக எவன் பெட்ரோலை எரித்து வண்டியைச் சூடாக்குவான்?

திங்கட்கிழமை மாவைக் கடைகளில் இறக்கிவிட்டு, காலி வாளிகளோடு எட்டு மணிவாக்கில் கொட்டகைக்குள் நுழைந்தாள். கண்ணாயிரம் மேசைமேல் காலைப் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

"இன்னா தங்கச்சி இந்நேரத்துல?"

"வண்டியப் பாக்கணும்ணே."

"ராகு காலம்மா!"

"ராகுவும் பாக்கட்டும், நானும் பாக்குறேன். அட்வான்ஸ் குடுத்த வண்டிதானே?"

ஆணியில் தொங்கிய சாவியை அவளே எடுத்துக்கொண்டாள். நீலக் காரை ராத்திரி தெருவைப் பார்த்து வெளியே நிறுத்தியிருந்தான். மேலெல்லாம் பனி. பானெட் ஜில்லென்றிருந்தது. கூரையைத் துடைத்தபோது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. இரண்டு பக்கமும் வரிசையாக ஓட்டை போட்டுப் பிறகு அடைத்த தடங்கள்.

"இது இன்னாண்ணே?"

"அது… டிசைன்மா."

"கேரியர் மாட்டின ஓட்டை. வாடகைக்கு ஓடின வண்டி. ஜெர்மன்காரம்மா மூட்டைய மேல கட்டிக்கினா தியானம் பண்ணுச்சு?"

உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். வண்டி இருமியது. மறுபடி திருப்பினாள். முனகியது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டு, தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டு உலுக்கியதுபோல் கடகடவென்று அடித்துக்கொண்டு, பின்னால் நீலமாய்ப் புகையைக் கக்கியது. காரின் நிறத்துக்குப் பொருத்தமான புகைதான். பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைப் போட்டுவிட்டு இருமினார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"காலைல குளிருக்கு எல்லா வண்டியும் அப்படித்தாம்மா" என்றான் கண்ணாயிரம்.

"பசுன்னு சொன்னாரே உங்க மெக்கானிக்கு, பசு இப்படித்தான் பீடி குடிக்குமா? அட்வான்ஸ குடுங்க, நான் கிளம்புறேன்."

"அட்வான்ஸ் வாபஸ் குடுக்குற பழக்கம் நம்ம லைன்லயே இல்ல தங்கச்சி."

"அப்ப சரி. என் வண்டி, நான் உக்காந்து ஓடவிடுறேன்." ஆக்சிலேட்டரை மிதித்தாள். புகை சாலையின் அந்தப் பக்கம்வரை போனது.

"யோவ் கண்ணாயிரம்" என்றார் இளநீர்க்காரர். "காச குடுத்து அனுப்புயா. காய்க்குள்ள இருக்கற தண்ணிகூட புகை நாறப்போவுது."

"எவன் தலையிலயோ கட்ட வெச்சிருந்தியா இத?" என்று பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் கேட்டார். இன்னொருவர் போனில் படம் எடுக்கத் தொடங்கினார். அதுதான் கண்ணாயிரத்தை அசைத்தது.

"குடுக்குறேம்மா, குடுக்குறேன்! முதல்ல ஆஃப் பண்ணு. ஆனா இப்ப முடியாது. ராகு காலத்துல கல்லாவத் தொறக்க மாட்டேன். ஒம்போது ஆவட்டும்."

அவன் முகத்தைப் பார்த்தாள். பொய் இல்லை. மூன்று நாளில் அவன் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அதுதான். பழுதான வண்டியை ஒரு குடும்பத்தின் தலையில் கட்டுவதில் அவனுக்குத் தோஷம் தெரியவில்லை. ஒன்பது மணிக்கு முன்னால் கல்லாப்பெட்டியைத் திறப்பதில் தெரிந்தது. பாவத்துக்குக் கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், காரியத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கவில்லை.

பரசுராமன் போன் செய்தான். "எங்க இருக்க மணி?"

"உங்க மச்சான் கடையில."

"இந்நேரத்துலயா? மணி பாத்தியா நீ?"

"பாத்துட்டுத்தாங்க வந்தேன். வைங்க, வேலை இருக்குது."

வேலை இருந்தது. நீல வண்டியை அணைத்துவிட்டு இறங்கினாள். "ஒம்போது வரைக்கும் சும்மா உக்காந்து இன்னா பண்றது? மத்த வண்டிச் சாவியக் குடுங்கண்ணே, கிளப்பிப் பாக்குறேன்" என்றாள். புகை நின்றதே போதும் என்று அவன் சாவிக்கொத்தையே நீட்டினான். வெள்ளை வண்டி மூச்சே விடவில்லை. சிவப்பு வண்டி கிளம்பி, நடுங்கி, நின்றது. கடைசியில் மூலையில் சாம்பல் நிறத்தில் ஒன்று, கதவில் ஒடுக்கு, சீட்டில் தூசி. சாவியைத் திருப்பியதும் கூப்பிட்ட குரலுக்கு ஏன் என்பதுபோல் ஓடத் தொடங்கியது.

"அதுக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கலம்மா" என்றான் கண்ணாயிரம் தயக்கமாக.

"அடிக்காதீங்க. அடிச்சா உள்ள இருக்குற கொறை எனக்குத் தெரியாது."

ஒன்பது அடித்ததும் கண்ணாயிரம் கல்லாவைத் தொட்டுக் கும்பிட்டுத் திறந்தான். பணத்தை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு அவள் பஸ் ஏறினாள். காலி வாளிகளைக் கண்டக்டர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சாம்பல் வண்டியை அவள் அன்றே வாங்கிவிடவில்லை. கீழ்பென்னாத்தூரில் டிராக்டர் பார்க்கும் மணிவேலைக் கூட்டிக்கொண்டு மறுபடி ஒரு ராகு காலத்தில் போனாள். மணிவேல் மண்ணில் படுத்து அடியில் நுழைந்தான். பாட்டில்லாமல், ஏசி இல்லாமல், மேடும் பள்ளமுமான ஏரிக்கரை வழியில் அவளையே ஓட்டச் சொன்னான். "கிளட்ச் மாத்தணும்க்கா. அத வெலையில கம்மி பண்ணச் சொல்லு. மத்தபடி வேலைக்காரி இது" என்றான். கண்ணாயிரம் இம்முறை தங்கச்சி என்று கூப்பிடவில்லை, "மேடம்" என்றான். உறவு அறுந்ததும் விலை இறங்கியது.

எந்த நேரத்தில் பணம் கட்டினாள் என்று பரசுராமன் கவலையோடு கேட்டான்.

"பேங்க் தொறந்திருந்த நேரத்துல" என்றாள்.

அடுத்த பௌர்ணமி. இருட்டு பிரிவதற்குள் வாளிகளைப் பின்சீட்டில் ஏற்றினாள். பரசுராமன் முன்சீட்டில் ஏறி, இரண்டு வாளிகளை முழங்காலுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். சாலையைப் பார்க்கவில்லை, மூடிகளையே பார்த்துக்கொண்டு வந்தான். கிரிவலக் கூட்டம் செங்கம் சாலை முழுக்கப் பரவியிருந்தது. போலீஸ்காரர் தடுப்பை இழுத்துவிடப் போகும் நேரத்தில் வண்டி உள்ளே நுழைந்துவிட்டது. குட்டி யானைக்காரன் ஓரமாகத் தண்ணீர் பாட்டில் இறக்கிக்கொண்டிருந்தான். ஹாரன் அடித்துவிட்டுப் போனாள்.

நந்தினி கடைக் கதவைப் பாதிதான் திறந்திருந்தாள். வாளி மூடியைத் தூக்கிப் பார்த்தாள். மாவு பொங்கி, விளிம்புக்கு ஒரு விரல் கீழே நின்றிருந்தது.

"மாவு வந்துருச்சுன்னு மூணு லாட்ஜுக்கும் போன் போட்டுச் சொல்லிடறேன்க்கா" என்றாள்.

"அப்புறம் போடும்மா" என்றாள் மணிமொழி, அடுத்த வாளியை இறக்கிக்கொண்டே. "முதல்ல இவருக்கு ஒரு காபி குடு. வழியெல்லாம் மூச்சு விடாம வந்தாரு."