அறுத்து வைத்த இருபது மீட்டர்

தராசு பழுதுபார்க்கும் அவரை நண்பர்கள் ‘கிராம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் கையில் தூக்கினாலே எடையைச் சொல்லிவிடுவார். அந்தத் தொழில் மூளைக்குள்ளும் ஏறிவிட்டது. ஊருக்குக் கிளம்பினால் பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைக்கூடப் பாதியாக வெட்டுகிற ஆள்.

மலையிடுக்கில் அருவி அருவியாகக் கயிறு கட்டி இறங்கி, நடுவில் ஓர் இரவு தங்கி வரலாம் என்று மூன்று பேர் கிளம்பினார்கள்: கிராம், பஸ் டிரைவர், பேக்கரிக்காரர். முந்தின நாள் கடையில் ஒவ்வொரு பையையும் தராசில் ஏற்றி, கிராம் ஈவிரக்கமில்லாமல் சாமான்களைக் கழித்தார். மூவருக்கும் சேர்த்து ஒரே போர்வை. கடைசியில் அவர் கண் அறுபது மீட்டர் கயிற்றின் மேல் விழுந்தது.

“இருக்கிறதிலேயே பெரிய அருவி இருபது மீட்டர்தான். ரெண்டா மடிச்சாலும் நாப்பது போதும்,” என்று கத்தியை எடுத்தார்.

“கயித்துல கை வைக்காதடா,” என்றார் டிரைவர்.

“ஆயிரத்து இருநூத்தி எண்பது கிராம்டா! நீயா சுமக்கப்போற?”

“சரி விடு, உன்னோட மல்லுக்கட்ட என்னால ஆகாது.”

மடித்த கயிற்றை மேலே பாறையில் அடித்திருக்கும் வளையத்தில் மாட்டி இறங்க வேண்டும். இறங்கியபின் ஒரு முனையை இழுத்தால் கயிறும் வந்துவிடும். அப்புறம் திரும்பி ஏற வழியில்லை. நான்காவது அருவியில் டிரைவர் முதலில் இறங்கினார். கிராம் நம்பிய அளவு இரண்டு வருடம் பழையது. இடையில் வந்த வெள்ளம் அடியில் கிடந்த கல்லையும் மணலையும் அரித்துக்கொண்டு போனதில், அருவி நாலு மீட்டர் நீண்டிருந்தது. நுரையில் அது தெரியவில்லை. கயிறு தீர்ந்துபோய், டிரைவர் பாறையில் முதுகு அடிபட விழுந்தார்.

மற்ற இருவரும் கயிற்றை ஒற்றையாகக் கட்டி இறங்கி, இருந்த ஒரு போர்வையை அவர் மேல் போர்த்தி, மேலே ஏறவும் கீழே போகவும் வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆள் தேடி வந்தபோது மறுநாள் மதியம் ஆகியிருந்தது.

இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஞாயிறுதோறும் கிராம் போகிறார். டிரைவரின் மனைவி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவார். இவர் நண்பரைக் கட்டிலிலிருந்து தூக்கி ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைப்பார். அவ்வளவுதான் இவரால் ஆவது.

“கனக்குதாடா?” என்றார் டிரைவர் இந்த வாரம்.

“இல்லடா.”

“எப்படிக் கனக்கும்? உனக்குப் பிடிச்ச மாதிரி லேசாயிட்டேன்ல,” என்று சிரித்தார்.

ஐம்பத்தொரு கிலோ. போன வாரம் ஐம்பத்திரண்டு. கிராம் அதை வெளியே சொல்லவில்லை.