காற்றுப் பக்கம்

எங்கள் தீவில் மலை கிடையாது. ஏற்றம் என்று சொல்ல, மதகுகளின் மேடு மட்டும்தான். ஆனால் வைகாசி பிறந்து தென்மேற்குச் சோழகக் காற்று வீசத் தொடங்கிவிட்டால், சரவணையிலிருந்து புளியங்கூடலுக்குச் சைக்கிள் மிதிக்கிறவனுக்கு மலை எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. போகும்போது இடக்கைப் பக்கத்தில் அடிக்கும். திரும்பும்போது வலக்கைப் பக்கத்தில் அடிக்கும். எந்நேரமும் ஒருவர் நம்மைப் பிடித்து வயலுக்குள் தள்ளுவது போல இருக்கும்.

எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு பஸ் குறைந்தது. பிறகு வந்தால் வரும் என்றானது. கடைசியில் வராமலே விட்டது. கார் வைத்திருந்த ஓரிருவரும் அதைத் தென்னங்கிடுகால் மூடி வைத்துவிட்டார்கள். தார் றோட்டில் போய் ஆமிக்காரரின் சோதனைகளில் மாட்டுப்படப் பயந்தவர்கள் வயலுக்குள்ளாகப் போகும் மக்கிப் பாதையைப் பிடித்தார்கள். வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லை நொறுக்கிப் போட்ட பாதை அது. இரண்டு பக்கமும் பனை வடலி, இடைக்கிடை புகையிலைத் தோட்டம். காலையில் அதில் கேட்பது ரயருக்கடியில் கல் நொறுங்கும் சத்தம் மட்டும்தான்.

என் மனைவி புளியங்கூடலுக்கு அங்கால் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று தோட்டம் செய்தவன். சொந்த மச்சாள் என்பதால்தான் அவள் எனக்குக் கிடைத்தாள். இதை யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லாமலும் விடவில்லை.

பஸ் நின்றபின் நான்தான் அவளை என் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு போனேன். மாலையில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. மனிதர்களுக்கு முன்னால் எனக்கு வாய் வராது. மனைவிக்கு முன்னாலும் அப்படித்தான். ஆனால் அந்த அரை மணித்தியாலம் நான் பேசத் தேவையில்லை. அவள் பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பிகளை மடியில் வைத்து, காற்றுக்குத் தாள் பறக்காமல் அழுத்திப் பிடித்தபடி, என் முதுகுக்குப் பின்னால் வாசித்துக்கொண்டு வருவாள். ‘எங்கள் வீட்டுப் பசு’, ‘நான் ஒரு தோணி’. பிழை வந்தால் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு என் சேட்டில் சூடாகப் படும். ஐந்தாம் வகுப்புக்கு மேலே நான் படித்ததெல்லாம் முதுகால் படித்ததுதான்.

பிறகு அவளுடைய தம்பி அவளுக்கு ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கிக் கொடுத்தான். பழக்கியதும் நானே. மூன்றாம் நாள் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியவன் கையை விட்டேன். விட்டது தெரியாமல் அவள் போய்க்கொண்டே இருந்தாள்.

அந்த வருடம்தான் அவளுடைய பள்ளிக்கூடத்துக்கு ஒரு மாஸ்ரர் வந்து சேர்ந்தார். தென்பகுதியில் ஒரு பட்டினத்தில் தகப்பன் கடை வைத்திருக்க, அங்கேயே படிப்பித்தவர். கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு திரும்பியவர். நாலு ஊர்க்கதை தெரிந்தவர். மதகடிச் சந்தியில் நின்று என் மனைவி வந்ததும் சேர்ந்து போவார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சோழக காலத்தில் இரண்டு சைக்கிள் சேர்ந்து போனால் பலமுள்ளவர் காற்றுப் பக்கம் போவார். மற்றவர் அவருடைய மறைவில் போவார். யாரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. என் தோட்டம் சந்தியைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் இருந்தது. ஒருநாள் புகையிலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். மாஸ்ரர் காற்றுப் பக்கம் போனார். அவருடைய சேட்டு ஊதிப் பாய் மாதிரி நின்றது. அந்த மறைவில் என் மனைவி தலைமயிர்கூடக் கலையாமல் போனாள். அவர் ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள். பதிலுக்கு அவளும் ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டினார்.

மண்வெட்டியால் வரம்பை இரண்டு தரம் ஓங்கிக் கொத்தினேன். அவள் மீது சந்தேகம் என்று சொன்னால் பொய். அந்த இடம் என்னுடையது என்ற எரிச்சல்தான்.

வீட்டில் கேட்டுப் பார்த்தேன்.

“மாஸ்ரர் என்ன கதைக்கிறவர்?”

“சும்மா. அங்கை நடந்த புதினங்கள்.”

“நீர் என்ன சொல்லுவீர்?”

“நான் என்னத்தைச் சொல்லுறது?” என்றுவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போனாள்.

இரண்டு கிழமை கழித்துத்தான் அந்த வேலையைச் செய்தேன். சைக்கிள் வால்வுக்குள் ஒரு சின்ன இறப்பர் குழாய் இருக்கும். அது பழுதானால் காற்று நில்லாது. அவளுடைய பின் சில்லில் இருந்த நல்ல குழாயைக் கழற்றிச் சேட்டுப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு, உக்கிப்போன ஒன்றை மாட்டினேன். என் கணக்கு இதுதான்: சந்திக்கு முன்னாலேயே காற்றுப் போகும். நான் தற்செயலாக வருவது போல வருவேன். அவள் என் கரியரில் ஏறுவாள். மாஸ்ரரைத் தாண்டிப் போவோம்.

உக்கின குழாய் நான் நினைத்ததை விடக் கெட்டி. வடலிக்குப் பின்னால் சைக்கிளோடு நின்ற என்னைக் காணாமல் அவள் பறந்து போனாள். சந்தியில் மாஸ்ரர் சேர்ந்துகொண்டார். நான் தோட்டத்துக்குப் போய் மண்வெட்டியை எடுத்தேன். மத்தியானம் சந்திக் கடைக்குத் தீப்பெட்டி வாங்கப் போனபோதுதான் தெரியவந்தது.

“அண்ணை, உங்கடை ரீச்சருக்குச் சைக்கிள் அலுத்துப் போச்சோ?” என்றார் கடைக்காரர்.

“ஏன்?”

“இல்லை, அங்கால காத்துப் போய் இண்டைக்கு நடந்தல்லோ போனவ. மாஸ்ரரும் இறங்கி ரண்டு சைக்கிளையும் உருட்டிக்கொண்டு போனவர். நல்ல மனிசன். ஏறியிருந்தா கால் மணித்தியாலம். கதைச்சுக் கதைச்சு ஒரு மணித்தியாலம் போச்சுது.”

வாங்குப் பலகையில் இருந்த கிழவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: “நடந்தாத்தானே கதை முடியும் மோனை.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தீப்பெட்டியை வாங்காமல் வந்துவிட்டேன்.

எனக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். இன்னொரு ஆம்பிளையின் கரியரில் அவள் ஏறமாட்டாள். வழியில் விட்டுவிட்டுப் போக அவருக்கும் மனம் வராது. பிறகு இரண்டு பேரும் நடக்காமல் என்ன செய்வார்கள்? கால் மணித்தியாலத்தைப் பறிக்கப் போய் நான் ஒரு மணித்தியாலத்தைக் கொடுத்திருந்தேன்.

கதை ஊரைச் சுற்றியது. ஒரு கிழமைக்குள் மாஸ்ரர் சந்தியில் நிற்பதை விட்டார். தார் றோட்டால், சோதனைகளுக்கு நின்று நின்று, சுற்றிப் போனார். அவள் தனியே அந்தக் காற்றில் போய் வந்தாள். வந்து கொப்பிகளை மேசையில் வைத்தால் வாசிப்பதில்லை. சிவப்பு மையால் கோடு மட்டும் போடுவாள். நான் பறித்தது என் கைக்கும் வரவில்லை.

“நான் ஏத்திக்கொண்டு போய் விடட்டே?” என்று கேட்டேன்.

“வேண்டாம். என்னட்டைச் சைக்கிள் இருக்குத்தானே.”

அதற்கு மேல் அவள் என்னோடு சேர்ந்து போவாள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லாமல் போனது. இருந்தும் ஒரு திங்கட்கிழமை, கேட்காமலே என் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். சந்தி தாண்டியதும் வேகமாக மிதித்து அவளுடைய இடப்பக்கத்துக்குப் போனேன். காற்று முகத்தில் அறைந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். போகச் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளுடைய முந்தானை அடங்கிக் கிடந்தது.

அவள் ஏதோ சொன்னாள். வாய் அசைந்தது தெரிந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை.

“என்ன?” என்றேன்.

திரும்பவும் சொன்னாள். காற்று என்னிடமிருந்து அவளுக்கு வீசிக்கொண்டிருந்தது. அவள் சொன்னதெல்லாம் வலப்பக்கத்து வடலிக்குள் போய் விழுந்தது. நான் காதைத் தொட்டுக் காட்டினேன். அவள் ஒரு கையால் என்னைக் காட்டி, பிறகு தன் வாயைக் காட்டினாள். நீங்கள் கதையுங்கோ என்கிறாள்.

எனக்கு என்ன கதை இருக்கிறது? புகையிலைக்குப் பூச்சி விழுந்ததைச் சொல்லவா? நெடுநேரம் மிதித்தேன். கல் நொறுங்கிக்கொண்டே வந்தது. பள்ளிக்கூடத்து ஓடு தெரியத் தொடங்கியதும், நேரே முன்னால் பார்த்தபடி, காற்றுக்குள் கத்தினேன்.

“வால்வு ரியூப்பை மாத்தினது நான்தான்!”

அவளுக்குக் கேட்டது. பெடல் நின்றது. சைக்கிள் தன்பாட்டில் கொஞ்சத் தூரம் ஓடியது. பிறகு அவள் மிதிக்கத் தொடங்கி, என்னைப் பார்க்காமல் ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். ஏச்சோ சிரிப்போ என்று அவளுடைய பக்கவாட்டு முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

பள்ளிக்கூடப் படலையடியில் இறங்கியதும் கேட்டேன்.

“என்ன சொன்னனீர்?”

“சொன்னதைச் சொல்லியாச்சு.”

“கேக்கேல்லை.”

“காத்துப் பக்கம் வாறவைக்கு நான் சொல்லுறது ஒருநாளும் கேட்டதில்லை” என்றாள். கொப்பிக்கட்டைக் கரியரிலிருந்து அவிழ்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு எத்தனையோ நாள் அந்தப் பாதையால் அவளுக்கு இடப்பக்கத்தில் போனேன். தோட்டத்துக் கதையைக் கத்திக் கத்திச் சொல்லிப் பழகினேன். மாஸ்ரரை எங்காவது கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போனேன். அவருக்குச் செய்தது பிழை என்று தெரியும். ஒருநாளும் வாய் திறந்து சொல்லவில்லை.

ஆனால் அன்று, வெறும் கரியரோடு வீட்டுக்குத் திரும்பும்போது, எனக்கு வேறொன்றுதான் மனதில் ஓடியது. மாஸ்ரருடைய அந்தத் தலையாட்டல். அவள் சொல்லச் சொல்ல அவர் ஆட்டிய தலை. அது முழுக்கச் சும்மா. அவருக்கும் ஒரு சொல் கேட்டிருக்காது. காற்று வலப்பக்கத்தில் அடித்தது. நான் எழும்பி நின்று மிதித்தேன்.